நேற்று வரை நன்றாக இருந்த ஜூலி

கேள்வி: வணக்கம் டாக்டர். கரூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் ஜூலி நாட்டு நாய். ஆறு வயது, 17 கிலோ. குட்டியாக மழையில் நனைந்து கிடந்தவளை என் மகன்தான் தூக்கி வந்தான். போன திங்கள் ராத்திரி தயிர்சோறு சாப்பிட்டுவிட்டு வாசலில் படுத்தாள். செவ்வாய் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. ஈறு வெளுத்திருந்தது. மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போனது. டவுனில் டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சல் 104, ஹீமோகுளோபின் 5.8, பிளேட்லெட் 32,000 என்றார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஆனால் ஸ்மியரில் கிருமி எதுவும் தெரியவில்லை, இன்ன நோய் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார். ஐந்து நாளாக டிரிப்ஸும் ஊசியும் போகிறது. ஒரு நாள் தலை தூக்குகிறாள், மறுநாள் துவண்டுவிடுகிறாள். இதுவரை 18,000 ரூபாய் ஆகிவிட்டது. ஒரு நாட்டு நாய்க்கு இவ்வளவா என்கிறார் வீட்டுக்காரர். கண்ணு பட்டிருக்கு என்கிறார் மாமியார். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் காதில் நாலு உண்ணி இருந்தது, பிடுங்கிப் போட்டேன், அப்புறம் மறந்தே போனேன். இது என் தப்பா? என்ன நோய் என்றே தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது? இன்னும் எத்தனை நாள் பார்ப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். அன்று அவசரமாகச் சொன்னது இரண்டு. ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், இன்னும் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்பது ஒன்று. அவளுடைய மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் சொல்ல அப்போது நேரமில்லை. இதே மாதிரிக் கடிதங்கள் மாதத்துக்கு நாலைந்து வருவதால், மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் "திடீர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "நேற்று வரை நல்லா இருந்துச்சு டாக்டர்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாயின் உடம்புக்குள் நடப்பது பெரும்பாலும் நேற்று தொடங்கியதாக இருக்காது. உண்ணி கடித்து உள்ளே போகும் எர்லிகியா என்ற கிருமி, காய்ச்சலைக் காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அதையும் தாண்டிச் சில நாய்களில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சிறுநீரகம் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் வெளியே அடையாளம் தெரியவே ஆரம்பிக்கும். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகை எலி மருந்தைத் தின்ற நாய் அன்றைக்கும் மறுநாளும் வாலாட்டிக்கொண்டு திரியும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அதுவரை கூப்பிட்டால் ஓடிவரும், வைத்ததைத் தின்னும். நாய்க்கு நோவை மறைக்கத் தெரிந்த அளவுக்குச் சொல்லத் தெரியாது. திங்கள் ராத்திரி தயிர்சோறு தின்ற ஜூலிக்கு அப்போதே ரத்தம் குறைந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதை நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. நானே அன்று உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தாலும், ஈறைத் தூக்கிப் பார்க்காமல் எனக்கும் தெரிந்திருக்காது.

அந்த நாலு உண்ணி பற்றி. பிடுங்கிப் போட்டது சரியான காரியம்தான். நம் ஊர் நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி, பிறந்து வளர்வதற்குள் மூன்று தடவை நாய் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கும். மீதி நேரமெல்லாம் சுவர் வெடிப்பு, கட்டில் இடுக்கு, கோணிச் சாக்கு என்று ஒளிந்திருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நீங்கள் பார்த்தது நாலு. அதற்கு முன்னால் ஏறி இறங்கியவை எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஆகவே "அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். நாலு உண்ணியைப் பார்த்து யாரும் நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. ஜூலி தேறிய பிறகு, மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கிற உண்ணி மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவள் படுக்கிற இடத்துச் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள். இப்போது, இந்தப் பலவீனத்தில், மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தையோ மண்ணெண்ணெயையோ அவள் மேல் தடவ யாரையும் விட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்வார்கள், தோல் வழியாக உள்ளே இறங்கி நடுக்கம் வந்துவிடும். ஏற்கெனவே யாராவது தடவியிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் டாக்டர் "இப்போது சொல்ல முடியாது" என்றது உங்களுக்குப் பயத்தைக் கொடுத்திருக்கிறது. எனக்கு அது அவர் மேல் மரியாதையைக் கொடுக்கிறது. காரணம் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் மூக்கில் ரத்தம் வழிகிற நாயைக் கொண்டுவந்தது. உடம்பில் உண்ணி இருந்தது. "தெரியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உண்ணிக் காய்ச்சல்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர்களும் நம்பினார்கள். அப்படி நம்பியதால், நாலு நாள் முன்பு அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி பிஸ்கட் வைத்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நாய் இறந்த பிறகுதான் அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். அந்த விஷத்துக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, அது அப்போதே என் அலமாரியில் இருந்தது. ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள், டாக்டரும் சேர்த்து. உங்கள் டாக்டர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, பெயர் தெரியாமல் எப்படி வைத்தியம்? உடம்பு இப்போது எதற்குத் தவிக்கிறது என்று பார்த்துத்தான். தண்ணீர் வற்றியிருந்தால் டிரிப்ஸ், காய்ச்சலுக்கும் வாந்திக்கும் மருந்து, ரத்தம் குறைந்தால் ரத்தம். இவற்றுக்கு நோயின் பெயர் தேவையில்லை. கூடவே, இந்த ஊரில் இந்த அடையாளங்களுக்கு எது அதிகம் காரணமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அதற்கான மருந்தையும் ஆரம்பித்துவிடுவோம். உங்கள் பக்கத்தில் வெளுத்த ஈறு, காய்ச்சல், குறைந்த பிளேட்லெட், இரண்டு வாரம் முன்பு உண்ணி என்றால், கணக்கில் முதலில் நிற்பது உண்ணிக் காய்ச்சல்தான். அதனால்தான் ஸ்மியரில் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த மருந்து போகிறது.

இந்த ஸ்மியரைப் பற்றி ஒரு வார்த்தை. "டெஸ்டில் இல்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் ஏன் அந்த மருந்து" என்று பலர் கோபப்படுகிறார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் ஸ்மியர். எர்லிகியா வெள்ளை அணுவுக்குள் ஒளிந்திருக்கும், தகட்டில் கண்ணில் படுவது அபூர்வம். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பேபிசியா சிவப்பு அணுவுக்குள் இருக்கும். அதில் கிப்சோனி என்ற சின்ன வகை, ஏற்கெனவே சின்னதான சிவப்பு அணுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. குளத்தில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அதில் மீன் இல்லையென்றால் குளத்திலேயே மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? காது நுனியில் எடுத்த ரத்தத்தில் பேபிசியா அகப்பட வாய்ப்பு கொஞ்சம் கூடும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை இதைவிட நுட்பமானது. ஆனால் அதற்கான ரத்தத்தை மருந்து தொடங்கும் முன் எடுத்திருந்தால்தான் முழுப் பலன். ஐந்து நாள் மருந்து போன பிறகு "இல்லை" என்று வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. துண்டுப் பட்டை மாதிரி உடனே முடிவு காட்டும் பரிசோதனை பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. நோயின் ஆரம்ப நாட்களில் அது இன்னும் உருவாகியிருக்காது. எப்போதோ வந்து போன நோய்க்கும் இன்று கோடு விழும். ஆகப் பரிசோதனை முடிவை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை, நாயையும் பார்த்துத்தான்.

ஜூலியின் கட்டங்காப்பி நிற மூத்திரம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. சிவப்பு அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்தால் அந்த நிறம் வரும். பேபிசியா அதைச் செய்யும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புத்தி பேதலித்துச் சொந்த ரத்த அணுக்களைத் தாக்கும் ஒரு நோயும் அதைச் செய்யும். சில சமயம் முதலாவதே இரண்டாவதைத் தூண்டிவிடும். அப்போது கிருமிக்கு மருந்து கொடுத்தாலும் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகும், ஸ்டீராய்டு சேர்க்க வேண்டிவரும். ஒரு நாள் தலை தூக்கி மறுநாள் துவள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் இதைக் குறிப்பாக உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தோடு சலைன் கலந்து, அணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை. பெரிய செலவில்லை.

எலிக் காய்ச்சல் இன்னொன்று. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்து நாய்க்கு வருவது. கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு மூத்திரம் அடர்ந்த நிறத்தில் போகும். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால்தான் வெறுங்கையால் துடைக்காதீர்கள் என்றேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தரையைக் கழுவுங்கள். பையன் அவள் பக்கத்தில் உட்காரலாம், தலையைத் தடவலாம். ஈரத் துணியை மட்டும் அவன் எடுக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் நாயின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாம்பையும் மறக்கக் கூடாது. கிராமம், வாசலில் படுக்கும் நாய், ராத்திரி நேரம். கண்ணாடி விரியன் கடித்தால் முகமோ காலோ வீங்கும், ரத்தம் உறையாது, மூத்திரம் நிறம் மாறும். கட்டுவிரியன் கடித்தால் கடிவாயே தெரியாது, கை கால் தளர்ந்து போகும். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்ப்பது பழைய சோதனை. இன்றைக்கும் அதைவிடச் சுலபமானது இல்லை. எலி மருந்தா என்ற சந்தேகத்துக்கும் அது ஓரளவு வழிகாட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற "மருந்து வைத்தல்" பற்றி. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் வாயில் நுரை, தசை துடிப்பு, கண்மணி சுருங்குதல் என்று வெட்டவெளிச்சமாகத் தெரியும். ஐந்து நாள் இப்படி ஏறி இறங்காது. ஜூலியின் கதை அதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் யாரோடும் பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். நாய் பிழைத்த பிறகும் அந்தப் பகை இருக்கும்.

காரணம் தெரியாத கேஸ்களில் பாதிக்கு விடை ஆஸ்பத்திரியில் கிடைப்பதில்லை, வீட்டில்தான் கிடைக்கிறது. ஒரு சித்திரை மாதம் விடாமல் வாந்தி எடுத்த நாய் ஒன்று வந்தது. ரத்தத்தில் எல்லாம் சரி. எக்ஸ்ரேயில் ஒன்றும் துலங்கவில்லை. நாலாவது நாள் அந்த வீட்டுச் சின்னப் பெண், "நாங்க அஞ்சு மாம்பழம் தின்னோம், கொட்டை நாலுதான் இருந்துச்சு" என்றாள். ஸ்கேனில் தேடிப் பார்த்தால் குடலில் மாங்கொட்டை. ஆபரேஷன் செய்து எடுத்தோம். நாங்கள் எல்லோரும் படித்த படிப்பை அந்தப் பெண்ணின் எண்ணிக்கை மிஞ்சிவிட்டது.

அதனால் உங்கள் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு பழைய நோட்டு போதும். போன ஒரு மாதத்தில் ஜூலி எங்கே போனாள், எதைக் கடித்தாள், வீட்டில் யார் என்ன மருந்து வைத்திருந்தார்கள், எந்தத் தோட்டத்துக்கு மருந்து அடித்தார்கள், வேறு நாயோடு சண்டை உண்டா, கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதட்டும். கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது உண்டு, அதுவும் "திடீர்" என்றுதான் வரும். அப்புறம் அன்றாடக் கணக்கு. காலை, மாலை காய்ச்சல் எவ்வளவு (நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு, நம்மைப் போல 98.6 இல்லை), ஈறு எந்த நிறம், எத்தனை தடவை மூத்திரம், என்ன நிறம், என்ன தின்றாள், தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு (முப்பதுக்குள் இருக்க வேண்டும்). ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவையும் பன்னிரண்டு வயதுப் பையன் அழகாகச் செய்வான். "ஒரு நாள் பரவாயில்லை, ஒரு நாள் மோசம்" என்று நீங்கள் சொல்வதைவிட அவன் நோட்டு உங்கள் டாக்டருக்கு உதவும். நோட்டு எழுதிவிட்டுப் பள்ளிக்கூடமும் போகட்டும். மாலையில் வந்து அடுத்த வரி எழுதலாம்.

நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத சிலவும் உண்டு. ஈறு காகிதம் மாதிரி வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, மூச்சுக்குத் தவித்தாலோ, வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வயிறு உப்பிக்கொண்டு வாந்தி வராமல் ஓங்கரித்தாலோ, ஒரு பகலும் இரவும் மூத்திரமே போகாவிட்டாலோ, மணி என்ன என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கல்லூரியின் ஆஸ்பத்திரியைப் போல அங்கேயும் பல துறை டாக்டர்கள் ஒரே வளாகத்தில் இருப்பார்கள், செலவும் தனியாரைவிடக் குறைவு. உங்கள் டாக்டரிடமே சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியலையும் ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ரத்தம் ஏற்றுவது என்றால் பயப்படாதீர்கள். வேப்பேரியில் நாய்களுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. மற்ற பல ஊர்களில் அக்கம்பக்கத்து நாய்தான் வங்கி. 25 கிலோவுக்கு மேல், ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், தடுப்பூசி போட்ட, இதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஆரோக்கியமான நாய் 450 மில்லி வரை கொடுக்கலாம். அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. கொடுக்கும் நாய்க்கும் உண்ணிக் காய்ச்சல் இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். ரத்தப் பொருத்தம் பார்ப்பது நல்லது. ஆனால் முதல் தடவை ஏற்றும்போது நாய்களுக்குப் பெரிய ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆகவே அவசரத்துக்குப் பொருத்தம் பார்க்காமலும் ஏற்றுவது உண்டு. ஹீமோகுளோபின் எண் மட்டும் இதை முடிவு செய்வதில்லை. படபடவென்று நெஞ்சு அடிக்கிறதா, நாலடி நடந்தால் விழுகிறாளா என்பதையும் பார்ப்பார்கள். தெருவில் பெரிய நாய் வளர்ப்பவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடாதவை கொஞ்சம். காய்ச்சல் என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். இப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிளேட்லெட் குறைந்த நாய்க்கு இன்னும் மோசம். இளநீர் நல்லதுதானே என்பார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாதவரை அதிலிருக்கும் பொட்டாசியம் வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர், கஞ்சி ஊற்றுவதையும் நிறுத்துங்கள், துவண்ட நாய்க்கு அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தை மூக்கருகே நீட்டினால் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்த கோழியைச் சோற்றோடு பிசைந்து, கை பொறுக்கும் சூட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த வேளை பாருங்கள். சூடாக இருந்தால் வாசனை தூக்கும், வாசனைதான் அவளுக்குப் பசியைக் கிளப்பும்.

இன்னொரு எச்சரிக்கை. ஜூலிக்கு வருடாவருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாகப் போனில் சொன்னீர்கள், அதனால் உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலையில்லை. ஆனால் தடுப்பூசி போடாத நாய் காரணம் தெரியாமல் குணம் மாறி, குரல் மாறி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருந்தால் தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்காதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். எச்சில் பட்டவர்கள் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாரும் இருக்கக் கூடாது.

பணத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் கேட்பதில் தப்பில்லை. 18,000 என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம். டாக்டரிடம் பணக் கணக்குப் பேச வெட்கப்படாதீர்கள், எங்களுக்கு அது பழக்கம்தான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் முடிவைப் பொறுத்து வைத்தியம் மாறுமா?" மாறும் என்றால் செய்யுங்கள். எப்படி வந்தாலும் இதே மருந்துதான் என்றால், அந்தப் பணத்தை ரத்தம் ஏற்றவோ மருந்துக்கோ வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் எடுக்கிற காசுக்கு ஹீமோகுளோபினை மூன்று தடவை பார்ப்பது இப்போது ஜூலிக்கு உதவும் என்று எனக்குப் படுகிறது. உண்ணிக் காய்ச்சல் மாத்திரை 28 நாள் வரை போகும் என்பதால் அதற்கும் ஒதுக்குங்கள். இரண்டு நாளில் எழுந்து ஓடினாள் என்று பாதியில் நிறுத்தினால் மறுபடி வந்து நிற்கும்.

மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட வேண்டும் என்றால் போடட்டும். பழத்தை அவள் வாயில் பிழியாத வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவருக்கும் அந்த நாயின் மேல் பாசம், கைக்கு எட்டியதைச் செய்கிறார். முடிந்தால் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை பார்த்துக்கொள்ளும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் படுங்கள். ஐந்து நாள் தூங்காதவர் மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டு வந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் பேசுங்கள். நாலு பேர் நாலு நேரத்தில் போன் செய்தால் நாலு விதமாகக் காதில் விழும், பிறகு வீட்டுக்குள் சண்டை வரும்.

எத்தனை நாள் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி சொல்ல மாட்டேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை நோட்டைப் பிரித்து, டாக்டரோடு உட்கார்ந்து, ஹீமோகுளோபின் ஏறுகிறதா, தானாகத் தின்கிறாளா, மூத்திரம் தெளிகிறதா என்று பாருங்கள். மூன்றில் குறைந்தது இரண்டு தேறினால் தொடருங்கள். ரத்தம் ஏற்றியும் இறங்கிக்கொண்டே போய், மூச்சுக்குத் தவித்து, உங்கள் குரல் கேட்டும் காதைக்கூட அசைக்காத நிலை வந்தால், வலியில்லாமல் தூங்க வைப்பது பற்றி டாக்டரே பேச்சை எடுப்பார். அப்போது அவரிடம், "இது உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான், ஆனாலும் பெரும்பாலோர் உண்மையைச் சொல்வோம்.

அப்படி ஆகிவிட்டால் பையனிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாதீர்கள். மழையில் தூக்கி வந்தவன் அவன், அடக்கம் செய்யும்போது அவன் இருக்க வேண்டும். காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அல்லது விஷம் என்ற சந்தேகம் அப்போதும் தீராவிட்டால், கால்நடைக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்வார்கள். சில மணி நேரத்துக்குள் கொண்டு போக வேண்டும். ஐஸ் கட்டி சுற்றி வைக்கலாம், ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளுறுப்பு சிதைந்து பார்க்க முடியாமல் போகும். விஷம் வைத்தது உறுதியானால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-வது பிரிவில் போலீஸில் புகார் கொடுக்கலாம். நாட்டு நாய் என்பதால் சட்டம் குறைத்து மதிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன். ஐந்தாம் நாளும் தலை தூக்குகிற நாய்க்கு உடம்பில் தெம்பு மிச்சமிருக்கிறது. திங்கட்கிழமை எடுக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் எவ்வளவு வந்தது, மூத்திரம் என்ன நிறம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பையனே எழுதட்டும்.